பழைய பம்ப் துப்பாக்கி: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஈப்போவில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில், பழுதுபார்க்கும் மேசையில், 22 வருடங்கள் வேலை செய்தேன். இப்போது ஓய்வு. சுங்கை சிப்புட்டில் காலைத் தேநீருக்கு ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிறார். செம்பனைத் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள், நகைக்கடை வாசலில் காவல் நிற்கும் தம்பிகள், தாத்தாவின் பழைய புகைப்படத்தில் துப்பாக்கியைக் கண்ட பேரப்பிள்ளைகள் எனப் பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்ட வரிசையில் இல்லாமல், எளியதிலிருந்து சிக்கலானது வரை அடுக்கி எழுதியிருக்கிறேன்.

அண்ணே, பம்ப் துப்பாக்கியும் செனாப்பாங் பாத்தாவும் ஒன்றுதானே?

இல்லை. செனாப்பாங் பாத்தா என்ற மலாய்ப் பெயரே 'ஒடியும் துப்பாக்கி' என்றுதான் சொல்கிறது. குழலைக் கீலில் மடக்கி, தோட்டாவைக் கையால் செருகி, மூடிச் சுட வேண்டும். ஒற்றைக் குழலுக்கு ஒரு தோட்டா, இரட்டைக் குழலுக்கு இரண்டு. நம் ஊரில் எல்லா வேட்டைத் துப்பாக்கிக்கும் அந்தப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பம்ப் துப்பாக்கி ஒடியாது. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள்வில்லின் அழுத்தத்தில் படுத்திருக்கும். முன்கை பிடித்திருக்கும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழுந்து, அடுத்தது குழாயிலிருந்து வெளிவரும். பிடியை முன்னால் தள்ளினால் அது மேலேறித் தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். வெடிவாயுவின் உதவி இல்லை, உதையின் உதவியும் இல்லை. கைதான் முழு வேலையையும் செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

'12 போர்' என்கிறார்கள். 12 என்ன, மில்லிமீட்டரா?

இல்லை. போர் என்பது குழலின் உள்ளளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே அந்தக் குழலின் உள்விட்டம். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக வார்த்தால் உருண்டை சிறிதாகும். அதனால் 20 போர் என்பது 12 போரைவிட ஒடுக்கமானது, சுமார் 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குலத்தில் எழுதிய நேர் அளவு.

பழையது என்றால் எவ்வளவு பழையது? எந்த மாடல்களைச் சொல்கிறீர்கள்?

நான் பழையது என்று சொல்வது பெரும்பாலும் 1964-க்கு முன் செய்தவை. வரிசையில் முதலில் நிற்பது வின்செஸ்டர் 1897. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, குதிரை வெளியே தெரியும்படி இருப்பது. துப்பாக்கியின் சுத்தியலைக் குதிரை என்று சொல்வது பழைய தமிழ் வழக்கு. நானும் அப்படியே எழுதுகிறேன். 1957 வரை செய்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல். அடுத்தது வின்செஸ்டர் மாடல் 12. 1912-இல் வந்தது, குதிரை உள்ளே மறைந்திருக்கும், ஏறக்குறைய இருபது லட்சம் செய்தார்கள். பிறகு ரெமிங்டன் 31 (1931 முதல் 1949 வரை), இத்தாக்கா 37 (1937 முதல்).

1950-களின் தொடக்கத்தில் வந்த ரெமிங்டன் 870 வயதில் மூத்ததுதான். ஆனாலும் இன்றும் காவலர்களின் கையில் இருக்கும் துப்பாக்கிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. 2009-க்குள் ஒரு கோடி செய்துவிட்டார்கள். அதைப் பழையதற்கும் புதியதற்கும் இடையில் உள்ள வாசற்படி என்று நான் நினைக்கிறேன்.

நம் தோட்டப் பக்கத்துக்கு வேட்டைத் துப்பாக்கி எப்படி வந்து சேர்ந்தது?

துரைமார்களுடன் வந்தது. பங்களாச் சுவரில் வேட்டைக்கென்று ஒன்று தொங்கும். அது துரையின் தனிச்சொத்து. தோட்டத்து ஆள் அதைத் துடைத்திருப்பார், சுட்டிருக்க மாட்டார்.

1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. ஊர்க்காவல் படைக்கு வேட்டைத் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதல் சில மீட்டர் தூரத்தில் நடக்கும் என்பதால் பிரிட்டிஷ் படையினரும் ரெமிங்டன் 870-ஐயும் பிரவுனிங் ஆட்டோ-5-ஐயும் ஏந்தினார்கள். அந்தக் காலத்து விதிகளின்படி அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த நம் முதியவர்கள் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் குரலைத் தாழ்த்துவதற்குக் காரணம் அதுதான். அந்த அச்சத்தைப் பேரப்பிள்ளைகள் கோழைத்தனமாக எண்ணக் கூடாது.

புதியதைவிடப் பழையது வெண்ணெய் மாதிரி ஓடும் என்கிறார்களே, பழைய ஆட்களின் பெருமைப் பேச்சுதானே?

பெருமைப் பேச்சு கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அடிப்படை உண்மை. மாடல் 12-இன் உடலும் உள்ளுறுப்புகளும் இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டவை. கடைந்த பிறகு ஒரு தொழிலாளி அரத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பையும் அடுத்ததோடு பொருத்திப் பார்த்து, ராவி, மறுபடி பொருத்திப் பார்ப்பார். அந்த உழைப்புக்கு ஆகும் கூலிதான் அதன் விலையை ஏற்றி, கடைசியில் அதைச் சந்தையிலிருந்து இறக்கியது. ரெமிங்டன் 31 நின்றதும் இதே காரணத்தால்தான். 870-இல் அச்சில் அழுத்தி வெட்டிய உறுப்புகளைச் சேர்த்து விலையைக் குறைத்தார்கள். பிடியை உடலோடு இணைக்கும் சட்டம் பழையவற்றில் ஒன்றுதான் இருக்கும், 870-இல் இரண்டு. இரண்டு சட்டம் இருப்பதால் பிடி கோணலாகச் சிக்காது. அந்த வகையில் புதியதே மேல். இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பிறகு காலம் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. ஐம்பது அறுபது வருடம் இரும்போடு இரும்பு எண்ணெயில் உரசி உரசி, கண்ணாடி போன்ற தடம் விழுந்துவிடும். நன்றாகப் பராமரித்த மாடல் 12 ஒன்றை, அது காலி என்று உறுதி செய்தபின், பூட்டை விடுவித்து மூக்கை மேலே பிடித்தால், பிடி தன் எடையிலேயே கீழே இறங்கி வரும். முதன்முதலாக என் தவுக்கே, அதாவது கடை முதலாளி, அதைக் காட்டியபோது எனக்கு வயது 24. அம்மி தேய்ந்து வழவழப்பாவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரும்பும் அப்படித் தேயும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாப் பழையதும் அப்படி இருக்காது. துருப்பிடித்து, எண்ணெய் கெட்டியாகி, மணல் உரசும் சத்தத்தோடு ஓடும் பழையவை என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. வயதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்.

அந்த 'சக்-சக்' சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்கிறார்கள். உண்மையா?

சிலர் ஓடலாம், சிலர் ஓடாமல் இருக்கலாம். சத்தத்தை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. காவலில் நிற்கும் தம்பி ஒருவர் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்காக அப்படி இழுத்துக் காட்டியதாகச் சொன்னார். குழாயில் தோட்டா இருந்திருந்தால் அந்த ஒரு தள்ளலில் அது அறைக்குள் ஏறிச் சுடத் தயாராக நின்றிருக்கும். விளையாட்டுக்கு இழுக்கும் பொருள் இது இல்லை என்று அவரிடம் கடுமையாகவே சொன்னேன்.

குறி பார்க்கவே தேவையில்லை, ரவை பரவிவிடும் என்கிறார்களே?

திரைப்படம் பார்த்துக் கற்ற பாடம். ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். சோக் எனப்படும் குழல்வாய் ஒடுக்கம் இல்லாத துப்பாக்கியில்கூட, 10 மீட்டர் தூரத்தில் ரவைகள் ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத்தான் பரவும். வீட்டுக்கூடத்தின் தூரத்தில் ஒரு கைமுட்டி அளவுதான். பழைய துப்பாக்கிகளில் முழு ஒடுக்கம் வைத்தவை அதிகம். அவற்றில் இன்னும் குறுகும். தவறிப்போன ரவை நின்றுவிடுவதும் இல்லை. பறவைக்கான சிறு ரவையே 200 மீட்டருக்கு மேல் போகும், பெரிய ரவை 500 மீட்டரைத் தாண்டும். செம்பனை வரிசைக்கு அப்பால் யார் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது.

இழுத்துத் தள்ளுவதில் என்ன வித்தை இருக்கிறது? அடிக்கடி சிக்கிக்கொள்கிறதே.

சிக்கல்களில் பெரும்பாலானவை துப்பாக்கியின் குற்றமல்ல, கையின் தயக்கம். பிடியைக் கடைசிவரை இழுக்காமல் பாதியிலேயே முன்னால் தள்ளினால், பழைய கூடு முழுதாக வெளியேறாது, புதிய தோட்டாவும் வெளிவராது. இரண்டும் வாசலில் முட்டிக்கொள்ளும். துப்பாக்கியைப் புதிதாக எடுப்பவர்கள் 'பழைய பொருள், உடைந்துவிடும்' என்று மெதுவாக இழுப்பார்கள். அந்த மரியாதைதான் அதைச் சிக்க வைக்கிறது. பின்னால் இழுக்கும்போது முட்டும்வரை, முன்னால் தள்ளும்போது பூட்டும்வரை, தயங்காமல் ஒரே ஓட்டமாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. சுடாமல் இருக்கும்போது பிடி அசையாது. பூட்டு விழுந்திருக்கும். திறக்க வேண்டுமென்றால் அதற்குரிய சிறு பொத்தானை அழுத்த வேண்டும். 1897-இல் அது உடலின் பக்கத்தில் இருக்கும், மற்றவற்றில் விசைக்காப்பின் அருகே. சுட்ட பிறகு பூட்டு தானாக விடுபடும். 1897-இல் சுட்ட பிறகும் பிடியை ஒரு நூலளவு முன்னால் அழுத்தினால்தான் பூட்டு விடும். உதையிலேயே அது தானாக நடந்துவிடுவதால் பலருக்குத் தெரிவதில்லை. தோட்டா வெடிக்காமல் போனால் மட்டும் 'திறக்கவே மாட்டேன் என்கிறது' என்று கடைக்கு வருவார்கள். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். அரை நிமிடமாவது குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்துக் காத்திருந்துதான் திறக்க வேண்டும்.

குதிரை வெளியே இருக்கும் 1897-ஐ எல்லாரும் ஆசையாகப் பார்க்கிறார்கள். அது பாதுகாப்பானதா?

பழக்கப்பட்ட கைக்கு ஆம். புதிய கைக்கு நான் கொடுக்க மாட்டேன். மாடல் 12-இல் விசைக்கு முன்னால் குறுக்குப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் விசை அசையாது. 1897-இல் அப்படி ஒன்றும் கிடையாது. குதிரையைப் பாதி நிலையில் நிறுத்துவதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. அறையில் தோட்டா இருக்கும்போது, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெதுவாக இறக்க வேண்டும். விரலில் வியர்வை இருந்தாலோ மழை இருந்தாலோ குதிரை நழுவும். நம் ஊரில் இரண்டும் இல்லாத நாள் எது? இறக்குவதைவிட, திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுவதே நல்லது.

அது கடிக்கவும் செய்யும். பிடியை இழுக்கும்போது, தோட்டா அறையை அடைத்துப் பூட்டும் போல்ட் உடலின் பின்புறமாக வெளியே வந்து குதிரையைச் சாய்க்கும். கட்டைவிரலைக் குதிரைக்குப் பின்னால் உயர்த்திப் பிடித்திருந்தால் தோலைக் கிழித்துவிடும். என் வலது கட்டைவிரலின் மேல் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

விசையை அழுத்திப் பிடித்தபடியே இழுத்துத் தள்ளினால் சுட்டுக்கொண்டே இருக்குமாமே?

1897-இலும், மாடல் 12-இலும், பழைய இத்தாக்கா 37-இலும் அது உண்மை. ஒவ்வொரு தடவையும் விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் சுடும்படி வைக்கும் உறுப்பு அவற்றில் இல்லை. விசை அழுத்தியபடி இருந்தால், போல்ட் பூட்டும் அதே நொடியில் வெடிக்கும். முதல் உலகப் போரில் அமெரிக்கர்கள் பதுங்குகுழிச் சண்டைக்கு 1897-ஐக் கொண்டுபோனபோது இதுவும் அதன் பெயரைப் பரப்பியது. 1918 செப்டம்பரில் ஜெர்மனி அந்தத் துப்பாக்கியை எதிர்த்து முறைப்படி கண்டனம் தெரிவித்த அளவுக்கு அது அஞ்சப்பட்டது.

இளைஞர்கள் இதைக் கேட்டதும் கண் விரிகிறது. எனக்கோ கவலைதான் வருகிறது. 870-இல் பழகிய ஒருவர், விசையில் விரல் இருந்தாலும் தள்ளும்போது ஒன்றும் ஆகாது என்ற பழக்கத்தோடு 1897-ஐ எடுப்பார். அது அவர் நினைக்காத நேரத்தில் வெடிக்கும். பழையதை எடுக்கும் யாரும் பழக வேண்டிய முதல் பழக்கம், பிடியை அசைக்கும்போது விரலை விசைக்காப்புக்கு வெளியே நேராக நீட்டி வைப்பது.

காலியாக இருக்கிறதா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல அனுமதி என்றால் இதற்குத்தான் சொல்வேன்.

ஒடியும் துப்பாக்கியை மடக்கினால் எல்லாம் கண்ணில் படும். வெறுங்குழல் தெரிந்தால் காலி. அந்தப் பழக்கத்தோடு பம்ப் துப்பாக்கிக்கு வருபவர்கள் பிடியை ஒரு தடவை இழுக்கிறார்கள், அறையிலிருந்த தோட்டா விழுகிறது, 'காலி' என்று மூடுகிறார்கள். மூடிய அந்தத் தள்ளலே குழாயில் இருந்த அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுகிறது. காலி என்று மேசைமேல் வைக்கப்பட்ட துப்பாக்கிகளில் அறையில் தோட்டா இருந்ததை நானே மூன்று தடவை கண்டிருக்கிறேன். கொண்டுவந்த மூவரும் அனுபவசாலிகள்.

குழலை யாரும் இல்லாத திசையில் வையுங்கள். விரல் விசைக்கு வெளியே. பிடியை முழுதாக இழுத்துத் திறந்து வையுங்கள். அறைக்குள் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அடியில் உள்ள குழாயின் வாயையும் பாருங்கள். தோட்டாவின் பித்தளை அடி தெரிகிறதா, அல்லது வெறும் தள்ளுதட்டு தெரிகிறதா? அந்தத் தட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் சுருள்வில் தளர்ந்து, கடைசித் தோட்டா பாதி வழியில் நின்றுவிடும். எத்தனை தடவை இழுத்தாலும் வெளியே வராது, ஒரு தட்டு தட்டினால் வரும். வேறு ஒருவர் இதையெல்லாம் உங்கள் கண்முன்னால் செய்து உங்களிடம் நீட்டினாலும், வாங்கியவுடன் நீங்களும் செய்யுங்கள். என் தவுக்கே நான் சரிபார்த்ததை ஒரு நாளும் நம்பியதில்லை. 22 வருடமும் அவரே மறுபடி பார்த்தார். அது எனக்கு அவமானமாகத் தோன்றியதே இல்லை.

கன்றுச் செம்பனையைப் பன்றி நாசம் செய்கிறது. பக்கத்து நிலத்துக்காரரிடம் துப்பாக்கி இருக்கிறது, ஒரு ராத்திரிக்கு வாங்கலாமா?

வாங்கக் கூடாது. உரிமம் ஆளுக்குரியது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டின் தண்டனை உயர்த்தும் சட்டம் பாய்ந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். ஒரு ராத்திரி என்பதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. தோட்டா ஒன்றே ஒன்று சட்டைப்பையில் இருந்தாலும் குற்றம்தான்.

மறுநடவு செய்த முதல் இரண்டு மூன்று வருடம் பன்றி குருத்தைத் தோண்டித் தின்னும் வேதனை எனக்குத் தெரியும். துப்பாக்கி உரிமம் உள்ளவரே வந்து சுடட்டும். அவருக்கும் காட்டுப்பன்றிக்கு வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமம் தனியாக வேண்டும். முதலில் அந்தத் துறையிடம் முறையிட்டுப் பாருங்கள்.

தாத்தா இறந்துவிட்டார். பரணில் அவருடைய துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

தொடாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன தண்டனைகள் பேரனுக்கும் பொருந்தும். உரிமம் வீடு, நிலம் போல வாரிசுக்கு இறங்காது. துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் தவறு; வழியில் நிறுத்தினால் என்ன விளக்கம் சொல்வீர்கள்? காவல் நிலையத்துக்கு ஆள் மட்டும் போய், தாத்தாவின் உரிமப் புத்தகமும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் எடுத்துக்கொண்டு, விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் காவல்துறையின் முடிவு.

பழைய தோட்டாக்களும் ஒரு டப்பா இருக்கின்றன. அவை வேலை செய்யுமா?

வேலை செய்யுமா என்று சோதிக்கும் எண்ணமே வேண்டாம், துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படையுங்கள். 1960-களுக்கு முன் தோட்டாக் கூடுகள் பெரும்பாலும் மெழுகு தோய்த்த அட்டையால் ஆனவை. நம் ஈரத்தில் அட்டை ஊதிப்போகும். ஊதிய தோட்டா அறைக்குள் நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. இரண்டு உலகப் போர்களிலும் ஈரத்துக்கு அஞ்சியே படைகளுக்கு முழுப் பித்தளைத் தோட்டா செய்து கொடுத்தார்கள். ரெமிங்டன் 1960-இல் பிளாஸ்டிக் கூடு கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

உரிமம் உள்ள பழைய துப்பாக்கி. கடையில் வாங்கிய புதிய தோட்டா சரியாக உள்ளே போகிறது. அப்படியானால் பொருத்தம்தானே?

இந்தக் கேள்வியில்தான் பெரிய வலை இருக்கிறது. உள்ளே போவது பொருத்தத்துக்குச் சான்று இல்லை. தோட்டாவின் நீளத்தைச் சுட்ட பிறகு, வாய் விரிந்த நிலையில்தான் அளக்கிறார்கள். இன்றைய வழக்கமான நீளம் 70 மில்லிமீட்டர். பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்தான். பழைய 12 போரிலும் 70-க்குக் குறைந்தவை உண்டு. வாய் மடித்த புதிய தோட்டா குட்டையாக இருப்பதால் அந்த அறைக்குள் சுலபமாகப் போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், அறைக்குச் சற்று முன்னால் குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நீண்டு வழியை நெருக்கும். உள்ளே அழுத்தம் எகிறும். குழலில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் உரிமம் பெற்ற கடையில் அறையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

இதைவிடக் கொடியது 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போருக்குள் போடுவது. அது வழுக்கிக்கொண்டு முன்னால் போய், அறைக்கு முன்னால் குழல் ஒடுங்கும் அதே இடத்தில் நின்றுவிடும். அறை வெறுமையாகத் தெரியும். 'போடவில்லை போலிருக்கிறது' என்று 12 போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் முன்கைக்கு நேராக வெடிக்கும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு அளவும் வைத்திருப்பவர் ஒரே பையில் கலக்கவே கூடாது.

துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? அப்பா அப்படித்தான் செய்வார்.

அப்பா காலத்தில் கையில் கிடைத்தது அது. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாகி, தூசியைப் பிடித்து, ஓட்டத்தைக் கெடுக்கும். துப்பாக்கிக்குரிய கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வழிய விட்டால் மரக்கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்கிவிடும். வால்நட் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கையால் தேய்த்து. தோலுறைக்குள் நீண்ட நாள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் தின்னும். மழையில் நனைந்த நாளில் எவ்வளவு களைப்பானாலும் அன்றிரவே துடைக்க வேண்டும். விடிந்தால் செந்துரு பூத்திருக்கும். வியர்த்த கை பட்ட இடத்தில் விரல்ரேகையின் வடிவத்திலேயே துரு பிடித்ததைக் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று: குளவி. மண்குளவிக்குக் குழல்வாய் என்றால் கட்டித்தந்த வீடு. குழலுக்குள் மண்கூடு இருப்பது தெரியாமல் சுட்டால் குழல் பிளக்கும். சுடுவதற்கு முன் திறந்து, காலி என்று உறுதி செய்து, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

நான் இடக்கைக்காரன். எனக்கு எது தோதாக இருக்கும்?

இத்தாக்கா 37. தோட்டாவை ஏற்றுவதும் வெற்றுக்கூடு விழுவதும் அடிப்பக்கத்து ஒரே வாசலில்தான். மற்றவற்றில் கூடு வலப்பக்கம் பறக்கும். இடத்தோளில் வைத்தால் முகத்துக்குக் குறுக்கே போகும். பக்கத்து வாசல் இல்லாததால் மழையும் குப்பையும் உள்ளே போவதும் குறைவு. எடையும் குறைவு, அதனால் உதை சற்றுக் கூடுதல்.

நீங்கள் பார்த்ததிலேயே எது உங்கள் மனத்துக்குப் பிடித்தது?

16 போர் மாடல் 12 ஒன்று. நீலம் தேய்ந்து வெள்ளி தெரியும் உடல், பிடியில் வரிகள் கையால் தேய்ந்து மறைந்திருந்தன. அறை 65 மில்லிமீட்டர் என்பதால் அதற்குத் தோட்டா கிடைப்பதே பாடு. உரிமையாளர் வருடத்தில் சில தடவை மட்டுமே சுட்டார், ஆனாலும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தவறாமல் எங்களிடம் கொண்டுவந்து பிரித்துத் துடைக்கச் சொல்வார். எடுத்துத் தோளில் வைத்தால் கண் தானாகக் குழலின் மேல் வந்து நிற்கும். எங்கும் ஆட்டமில்லை. பூட்டும்போது கனமான அலமாரிக் கதவு சாத்துவது போல ஒரே ஒரு ஒலி.

அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைக்க முடிவு செய்துவிட்டோம். மனசு கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து பார்க்கலாமா?

நீங்களாக எடுத்துச் செய்யக் கூடாது, காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் காவல்துறையிடம் கேட்டு, அவர்களின் எழுத்து அனுமதியோடு, உரிமம் பெற்ற கடையில் வைத்துச் செய்ய வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

எங்கள் கடைக்கு அப்படி ஒரு தமிழாசிரியை வந்தார். கைப்பையில் அனுமதிக் கடிதம். துப்பாக்கி முன்பே எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், ஊர்க்காவல் படையிலும் இருந்தவர். நான் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு மறுபடி பூட்டும்வரை எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் அறையையும் குழாயையும் காட்டினேன். தவுக்கே மறுபடி பார்த்தார். "ஒரு தடவை இழுக்கலாமா?" என்று கேட்டார். குழலைச் சுவரோரம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். பிடியை முட்டும்வரை இழுத்தார், பூட்டும்வரை தள்ளினார். "அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இந்தச் சத்தம்தான் கேட்கும், காலி செய்து வைக்கிறார் என்று அம்மா சொல்வார்" என்றார். பிறகு பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.